கயிறு எடுக்கப் போன படகுக்காரன்

என் கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஜப்பானில் ஒருவருக்கு வந்த இடுப்பு வலி. கும்பகோணத்தில் எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார்கள். அம்மா அவர்களை அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

2009இல் எனக்கு இருபத்தேழு வயது. பாரிஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. லா சப்பேலில் ரயில் பாதையைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறையும், சமையலுக்கு ஒரு மூலையும் இருந்தன. கீழே இறங்கினால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், தோசை மாவு எல்லாம் கிடைக்கும். சுற்றிலும் யாழ்ப்பாணத் தமிழ். என் தமிழைக் கேட்டால் கடைக்காரர்கள், "சினிமாவிலை மாதிரிக் கதைக்கிறியள்" என்பார்கள். அது பாராட்டா கிண்டலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்தின் மீது எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது. சிலருக்குப் பாகற்காய் எப்படியோ அப்படித்தான். அடுத்தவர் இலையில் இருந்தால் ஆட்சேபணை இல்லை, என் இலையில் வைக்காதீர்கள். ஆனால் இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. அம்மாவிடம் "வேண்டாம்" என்ற சொல் செல்லாது. "இப்போது வேண்டாம்" மட்டும்தான் செல்லும். அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் ஒரு வரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிங்கப்பூரில் வேலை, நல்ல உயரம், சிகரெட் கிடையாது. நான் கேட்டுக்கொண்டே அன்று காலை வாங்கிவந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். ஜப்பானியப் படக்கதை ஒன்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, முதல் பாகம். மங்கா என்பார்கள். ஊறுகாய் போடலாமா என்ற நகைச்சுவையை என் அண்ணன் அப்போதே செய்து முடித்துவிட்டதால் இனி யாரும் செய்ய வேண்டியதில்லை.

"என்ன சொல்ற? போட்டோ அனுப்பச் சொல்லவா?" என்றாள் அம்மா.

"ஒரு தொடர்கதை படிச்சிட்டு இருக்கேம்மா. அது முடியட்டும், பாக்கலாம்" என்றேன்.

வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் இதற்குத் திட்டியிருப்பாள். என் அம்மா தொடர்கதைக்காரி. வாரப் பத்திரிகை வரும் நாளில் எங்கள் வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கும். நான் பிறக்கப்போகிற வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "இந்த வாரம் வந்துடுச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்று அப்பாவைத் தெருமுனைக்கு அனுப்பியவள். அப்பா இருந்தவரை அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவளிடம் போய்த் தொடர்கதையைச் சாக்காகச் சொன்னேன். அவள் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. விரதமாக எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை பாகம்?" என்றாள், குரலையே மாற்றிக்கொண்டு.

"பன்னிரண்டுன்னு போட்டிருக்கு."

"எப்பெப்ப வரும்?"

"மூணு மாசத்துக்கு ஒண்ணு."

"மூணு வருஷம். சரி. முடிஞ்சதும் பேச்சு மாறக்கூடாது."

மறுநாளே அத்தை, சித்தி, ஜோசியர், பெண் கேட்டு வந்திருந்த சிங்கப்பூர்க்காரர் வீடு, எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. பெண் ஒரு விரதம் எடுத்திருக்கிறாள், முடிந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர்க்காரர் வீட்டில் எத்தனை மண்டலம் என்று கேட்டார்களாம். அம்மா பன்னிரண்டு பாகம் என்றாளாம். அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை.

எடுத்த விரதத்துக்கு ஒரு கிளை விரதமும் இருந்தது. ஒவ்வொரு பாகம் வந்ததும் நான் அம்மாவுக்குக் கதை சொல்ல வேண்டும். பாகம் நிஜமாகவே வந்ததா என்று சரிபார்க்கத்தான் முதலில் கேட்டாள் என்று நினைக்கிறேன். கதை இதுதான். ஒரு ராஜா தன் நாட்டின் இரவை ஒரு பூதத்திடம் விற்றுவிடுகிறான். அன்றிலிருந்து அங்கே இருட்டுவதே இல்லை. யாருக்கும் தூக்கம் இல்லை. ஒரு சின்னப் பெண், தன் ஆட்டுக்கிடாவோடு இரவைத் திரும்ப வாங்கிவரக் கிளம்புகிறாள்.

"ராத்திரியே கிடையாதா? அப்போ சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரத்தை எப்பத்தான் கழுவி வைப்பாங்க?" என்றாள் அம்மா. கதை அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

இரண்டாவது பாகத்தில் அந்தப் பெண் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறாள். வெள்ளம். கரையில் ஒரு படகுக்காரன். "கயிறு அறுந்துபோச்சு, இரு, வீட்டிலேர்ந்து எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். பெண் காத்திருக்கிறாள். அதற்குள் பூதத்தின் ஆட்கள் துரத்திவர, ஆட்டின் முதுகில் ஏறி ஆற்றில் குதித்துவிடுகிறாள். மூன்றாவது பாகம் வேறு ஊரில் தொடங்குகிறது.

"படகுக்காரன் என்ன ஆனான்?" என்றாள் அம்மா.

"அவன் முக்கியம் இல்லம்மா. ரெண்டு பக்கம்தான் வர்றான்."

"கயிறு எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனான்ல?"

"சொன்னான்."

"அப்போ வரணும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் இந்தக் கேள்வி வரும். ராஜா குருடானாலும் சரி, பூதம் அழுதாலும் சரி, எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "படகுக்காரன் வந்தானா?" என்பாள். நான் இல்லை என்பேன். அவள் "ம்" என்பாள், வீட்டுக்கு வர வேண்டிய ஒருவர் இன்னும் வரவில்லை என்பதைப் போல.

இந்த இடத்தில் பெங்களூர்க்காரரைச் சொல்லிவிட வேண்டும். ஆறாவது பாகம் வந்த சமயத்தில் ஒரு வரன் வந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர் பின்வாங்கவில்லை. மாறாக, தானும் அந்தக் கதையைப் படிக்கத் தொடங்கினார். இணையத்தில் யாரோ திருட்டுத்தனமாக ஆங்கிலத்தில் போட்டிருந்ததை, ஜப்பானில் எதுவரை வந்திருக்கிறதோ அதுவரை, ஒரே வாரத்தில் படித்து முடித்துவிட்டு எனக்கு நீளமான மின்னஞ்சல் எழுதினார். நாம் இருவரும் ஒரே அலைவரிசை என்று தொடங்கி, ஒன்பதாம் பாகத்தில் அந்த ஆடு செத்துப்போவது தன்னை மிகவும் பாதித்தது என்று முடித்திருந்தார்.

ஆடு சாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அழுதேன். ஆட்டுக்காகப் பாதி, ஆத்திரத்தில் பாதி. அம்மாவிடம் சொன்னேன். "கதையை முன்னாடியே சொல்றவன் குடும்பத்துக்கு ஆகமாட்டான்" என்று தீர்ப்புச் சொன்னாள். சம்பளம், உயரம், சொந்த வீடு எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

இப்படியே போயிருந்தால் சொன்னபடி முடிந்து, நானும் மாட்டியிருப்பேன். ஆனால் 2011க்குள் பிரெஞ்சுப் பதிப்பு ஜப்பானியப் பதிப்பை எட்டிப்பிடித்துவிட்டது. அங்கே புதிதாக வந்தால்தான் இங்கே மொழிபெயர்க்க முடியும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது ஆறு மாதமானது, பிறகு வருடத்துக்கு ஒன்று. பன்னிரண்டாவது பாகமும் வந்தது. கதை முடியவில்லை. பூதத்துக்கு ஓர் அண்ணன் இருப்பது அதில்தான் தெரியவந்தது.

"பன்னிரண்டுன்னு சொன்னியேடி?"

"நானா வரையறேன்? அவர் நீட்டுறாரு."

அம்மாவால் அதை மறுக்க முடியவில்லை. வாசகர்கள் விரும்பினால் கதை நீளும் என்பது அவள் நாற்பது வருடமாகப் பார்த்துவருவது. அதோடு அடுத்து அவள் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. பதின்மூன்றாவது பாகத்துக்கு முன்பு, ஜப்பானில் அது வெளிவந்துகொண்டிருந்த பத்திரிகையில் கதை நின்றுபோய், ஆசிரியர் ஓய்வில் இருக்கிறார் என்று ஓர் அறிவிப்பு வந்தது. நேரே வந்து பார்த்துவிடுவது என்று விசா எடுத்துக்கொண்டு அம்மா பாரிஸுக்குப் புறப்பட்டு வந்துவிட்டாள். மூன்று மாதம். என்னைப் பார்க்க என்றுதான் படிவத்தில் எழுதியிருந்தாள்.

வந்த அன்று பதின்மூன்றாவதுக்கு இடம் விட்டுப் பன்னிரண்டு பாகத்தையும் அடுக்கியிருந்த என் அலமாரியைப் பார்த்தாள். ஒரு பாகத்தை எடுத்து, எல்லாப் புத்தகத்தையும் திறப்பதுபோல இடது பக்கம் திறந்தாள். மங்காவில் அது கடைசிப் பக்கம். அதை நான் விளக்கினேன். "ராத்திரியும் இல்ல, முன்னும் பின்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு உறையின் மடிப்பைப் பார்த்தாள். அங்கேதான் ஆசிரியரைப் பற்றிய குறிப்பு இருக்கும். இவர் தன் புகைப்படத்தைப் போடவில்லை. சோறு வடிக்கும் மின்சாரக் குக்கருக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, இதுதான் நான் என்று போட்டிருந்தார். கீழே பிறந்த தேதி, பிறந்த ஊர், இரத்த வகை.

"இரத்த வகை எதுக்கு?"

"ஜப்பான்ல அதை வெச்சுத்தான் குணம் பாப்பாங்க. நம்ம ராசி மாதிரி."

"அதை வெச்சு என்ன தெரியும், இரத்தம் வேணும்னா கொடுக்கலாம்" என்றாள் அம்மா. ஆனால் பிறந்த தேதியின் மீது விரலை வைத்தவள் எடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பூசைச் சாமான் கடை உண்டு. கற்பூரம், மாலை, வெற்றிலை, பஞ்சாங்கம் எல்லாம் கிடைக்கும். அதை நடத்திய அக்கா தினமும் புறநகரான சார்செலிலிருந்து ரயிலில் வந்து கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். சாதகம் கணிக்கவும் தெரிந்தவர். அம்மா அந்தத் தேதியையும் ஊரையும் ஒப்பித்து, "என் பொண்ணு கல்யாணம் இவர் கையிலதாம்மா இருக்கு" என்றாள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிளை ஜப்பான்காரரோ?"

அம்மா முழுவதையும் விளக்கினாள். வரிசையில் எனக்குப் பின்னால் கற்பூரம் வாங்க நின்றவர்களும் கேட்டார்கள். நான் வெற்றிலைக் கட்டை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"பிறந்த நேரம் இல்லாமல் லக்கினம் சொல்லேலாது அம்மா. ஆனா நட்சத்திரம் எடுக்கலாம்" என்ற அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அங்கே சூரியன் முன்னதாக உதிக்குமே, அதைக் கழித்தீர்களா என்று அம்மா கேட்டாள். ஓம், கழிச்சனான் என்றார் அக்கா. கடைசியில் கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி என்று முடிவானது. அக்கா தலையை ஆட்டினார்.

"உவருக்கு ஏழரைச் சனி துடங்கியிட்டுது. உவர் இப்ப ஒண்டையும் முடிக்க மாட்டார்."

எனக்குச் சனி பகவானின் மீது வாழ்க்கையில் முதல்முறையாக அன்பு வந்தது. அம்மாவோ நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள். ஐயர் தட்டைக் கையில் எடுத்து, பெயர், நட்சத்திரம் என்றார். அம்மா சொன்னாள். ஐயர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஜப்பானியப் பெயரைச் சம்ஸ்கிருதத்துக்கு நடுவில் வைத்து உச்சரிக்க அவர் பட்ட பாட்டை நான் மறக்க மாட்டேன். முடிந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, புனைபெயர். அர்ச்சனை அவருக்குப் போய்ச் சேருமா?"

"பிள்ளையாருக்குத் தெரியும் பிள்ளை" என்று விபூதியைக் கொடுத்துவிட்டு ஐயர் அடுத்த தட்டை எடுத்தார்.

அந்த வாரமே இன்னொரு விவரம் கிடைத்தது. பாரிஸில் இருந்த பதிப்பகம் தன் இணையப் பக்கத்தில், ஆசிரியருக்குக் கடுமையான இடுப்பு வலி, உட்கார்ந்து வரைய முடியவில்லை என்று எழுதியிருந்தது. கூடவே அவர் ஒரு பெண் என்பதும் அதில்தான் தெரிந்தது. அதுவரை குக்கர் என்ன சொல்றான், குக்கர் எப்ப முடிப்பான் என்று அவன் இவன் என்று பேசிவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"பொம்பளையா?"

"ஆமாம்."

"அய்யய்யோ. அப்போ வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்துதான் வரைவா. இடுப்பு போகாம என்ன செய்யும்?"

அன்றிலிருந்து அம்மாவின் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது கோபத்தைவிடச் சிரமமானது. ஊரிலிருந்து தனக்காகக் கொண்டுவந்திருந்த தைலப் புட்டியை ஒரு துணியில் சுற்றி, பதிப்பகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். மாட்டேன் என்று இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் இருவரும் அந்தப் பதிப்பகத்தின் வாசலில் நின்றோம். வரவேற்பில் இருந்த இளைஞரிடம், இது ஜப்பானில் இருக்கும் ஆசிரியரின் இடுப்புக்கு, இரவில் சூடாக்கித் தடவ வேண்டும், ஒரு மணி நேரம் கழித்து வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று தோன்றியது. அவர் புட்டியை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, கண்ணில் நீர் வர நன்றி சொன்னார்.

அடுத்த வருடம் அந்தப் பதிப்பகம் மூடப்பட்டது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "உள்ளுக்குச் சாப்பிட்டிருப்பாங்களோ" என்று அம்மா இன்றும் கவலைப்படுகிறாள்.

பதிப்பகம் போனதும் பாகங்கள் கடைகளிலிருந்து காணாமல் போயின. பழைய புத்தகக் கடைகளில் மூன்றாவது பாகத்தைத் தேடி அலைபவர்களைப் பார்த்தேன். ஜப்பானில் கதை எப்போதாவது ஒரு அத்தியாயம் வரும், பிறகு நிற்கும். பிரெஞ்சில் எதுவும் இல்லை. என்னைப் போலச் சந்தோஷமாக இருந்த வாசகி இந்த உலகத்திலேயே இருந்திருக்க மாட்டாள். இணையத்தில் மற்ற வாசகர்கள் குமுறினார்கள், மனுப் போட்டார்கள். நான் ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை.

2016இல் புதிய பதிப்பகம் ஒன்று உரிமையை வாங்கியது. வாங்கியவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. மறுபடி முதல் பாகத்திலிருந்து, பெரிய அளவில், இரண்டு பாகத்தை ஒன்றாகச் சேர்த்து, புதிய மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தார்கள். பழைய மொழிபெயர்ப்பில் மரியாதையாகப் பேசிய பூதம் இதில் தெருச்சண்டைக்காரன் மாதிரிப் பேசியது. இதை அம்மாவிடம் சொன்னதும் ஒரு வக்கீல் விவாதமே நடந்தது. விரதம் பழைய கணக்கிலா, புதிய கணக்கிலா? புதிய பதிப்பு எனக்குத் தேவையே இல்லை, பழையது என்னிடம் இருக்கிறது என்பது அம்மா கட்சி. மொழிபெயர்ப்பு மாறிவிட்டது, எனவே நான் படித்தது வேறு கதை என்பது என் கட்சி. கடைசியில் கதை எங்கே முடிகிறதோ அங்கேதான் முடிவு, எத்தனை தடவை தொடங்கினாலும் சரி என்று சமரசம் ஆனது.

அந்த வருடமும் அம்மா வந்தாள். முதல் புத்தகத்தைப் பார்க்க என்றாள். ஜூன் மாதம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்த ராஜா இங்கதான் எங்கேயோ இருக்கான்" என்று முணுமுணுத்தாள். பகலில் பூசைச் சாமான் கடையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நான் சொன்ன கதையை அவள் அக்காவுக்குச் சொல்லுவாள். வேலை முடிந்து நான் போகும்போது இருவரும் பூதத்தின் அண்ணனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது அம்மா படகுக்காரனில் இருந்தாள்.

"வரேன்னு சொல்லிட்டுப் போனான்மா. அதுக்கப்புறம் ஆளே காணோம். இவ கேட்டா முக்கியம் இல்லங்கறா."

அக்கா மாலைக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார். "போனவை எல்லாரும் திரும்பி வாறதில்லை அம்மா" என்றார். அவருடைய தம்பியின் படம் கல்லாவுக்கு மேலே இருந்தது. மாலை போடாத படம். ஏன் போடவில்லை என்று அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு, "வருவாங்கம்மா. எழுதி முடிக்கலையே இன்னும்" என்றாள். அக்கா ஓம் என்று சொல்லிவிட்டு நாரைத் தண்ணீரில் போட்டார். 

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவது வழக்கமாகிவிட்டது. எந்தப் பாகம் வருகிறதோ அதைச் சாக்காகச் சொல்லுவாள். வந்து ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்து ரயில்களைப் பார்ப்பாள். என் அறையையும், என் ஒற்றைத் தட்டையும், நான் நினைத்த நேரத்துக்குச் சாப்பிடுவதையும், ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளிகள் வந்து சமைத்துச் சத்தம் போட்டுவிட்டுப் போவதையும் பார்ப்பாள். ஒரு முறை, "இந்த வீட்ல உன்னை ஏன்னு கேக்க ஆளில்ல" என்றாள். குறையாகச் சொன்னாளா, பொறாமையில் சொன்னாளா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு பேச்சு தொடங்கிவிடும் என்று காபியை ஆற்றிக் கொடுத்தேன்.

விருச்சிக ராசிக்கு ஏழரைச் சனி முடிந்த செய்தியை அக்காதான் சொன்னார். அதிலும் இரண்டு பஞ்சாங்கம் இரண்டு தேதி சொன்னது. எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம்தான் சரி என்று அம்மா தொலைபேசியில் வாதாடினாள். எந்தத் தேதியாக இருந்தாலும் பலன் ஒன்றுதான். கொரோனாக் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்திருந்தபோது குக்கர் அம்மையார் எழுந்து உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டார். பத்திரிகையை விட்டு இணையத்துக்கு மாறி, மாதம் தவறாமல் ஓர் அத்தியாயம். 2022இல் அறிவிப்பு வந்தது. அடுத்த பாகம் கடைசிப் பாகம்.

நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை. அத்தையின் பேத்தி சொல்லிவிட்டாள். அவள் கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறாள், இந்தக் கதையை இணையத்தில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கதையைக் கொண்டுவந்தவள் நான் என்பதால் என் மீது அவளுக்குப் பெரிய மரியாதை. அந்த மரியாதையில் போய் என் தலையில் கல்லைப் போட்டாள்.

அத்தை உடனே வேலையில் இறங்கிவிட்டாள். நாற்பது வயதுப் பெண்ணுக்குப் பொருத்தமான வரன்கள் தனியாக இருக்கிறார்களாம். ஒருவர் கோயம்புத்தூரில், மனைவியை இழந்தவர், இரண்டு பையன்கள், பெரிய வீடு. "சொன்ன சொல்ல காப்பாத்துவா, எங்க பொண்ணு" என்று அவர்களிடம் சொல்லியும் விட்டாள். எனக்குத் தூக்கம் போனது. பதின்மூன்று வருடத்துக்கு முன்பே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு ஜப்பானியப் பெண்ணின் முதுகின் மேல் ஏற்றிவைத்தேனே என்று என் மீதே எரிச்சலாக வந்தது. இப்போது சொல்லலாம்தான். ஆனால் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. அவள் அத்தனை வருடம் அத்தனை பேரிடம் என் விரதத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். எந்த முகத்தோடு சொல்வது?

பிரெஞ்சில் கடைசிப் பாகம் 2023 கடைசியில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே அம்மா வந்து இறங்கிவிட்டாள், முழங்கால் வலியோடு, சக்கர நாற்காலியில் விமான நிலையத்தைக் கடந்து. கார் து நோர் பக்கத்துக் கடையில் புத்தகத்தை வாங்கி வந்து, அன்று மாலை அவளுக்குக் கதையைச் சொன்னேன். ஒரு வரி விடவில்லை. சொல்லச் சொல்ல என் குரல் மெதுவாகிக்கொண்டே போனது எனக்கே தெரிந்தது. அந்தப் பெண், பூதத்தின் வீட்டைக் கண்டுபிடிக்கிறாள். பூதம் இரவைத் தன்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறது. ஊரில் முதல் முறையாக இருட்டுகிறது. எல்லாரும் வாசலிலேயே படுத்துத் தூங்கிவிடுகிறார்கள். பெண் மட்டும் ஆட்டின் கழுத்துமணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புத்தகத்தை வாங்கி, வழக்கம்போல இடது பக்கம் திறந்தாள். கடைசிப் பக்கம் வந்தது. கறுப்புப் பக்கத்தின் நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு சொல்.

"இது என்ன?"

"முற்றும்னு போட்டிருக்கு."

"ஓஹோ" என்றாள். அடுத்து கோயம்புத்தூர்தான் என்று நினைத்தேன்.

"படகுக்காரன் வந்தானா?"

வந்தான் என்று சொல்லலாமா என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "வரலம்மா" என்றேன்.

"கடைசிவரைக்கும்?"

"கடைசிவரைக்கும்."

அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முழுவதும் போய் முடியும்வரை காத்திருந்தாள்.

"அப்போ கதை முடியல" என்றாள்.

"அம்மா, முற்றும்னு..."

"அவ போட்டா ஆச்சா? கயிறு எடுத்துட்டு வரேன்னு போனவன் இன்னும் வரல. அவன் வராம எப்படி முடியும்? எனக்குத் தெரியாத தொடர்கதையா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். நன்றாக அழுதேன். அவள் கண்டுகொள்ளாதவள் போலத் தொலைபேசியை எடுத்து அத்தையை அழைத்தாள்.

"ஆமா, படிச்சாச்சு. இல்ல, இன்னும் முடியல. ஒருத்தன் வர வேண்டியிருக்கு." அந்தப் பக்கம் அத்தை என்னவோ சத்தமாகக் கேட்டாள். அம்மா கேட்டுக்கொண்டாள். "அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கயிறு எடுக்கப் போயிருக்கான். நீ அந்தக் கோயம்புத்தூர்க்காரங்களை வேற இடம் பாத்துக்கச் சொல்லு, பாவம், அவங்க எதுக்குக் காத்துக் கிடக்கணும்."